படம் வரைவோரும் படத்தில் அடங்குவோரும்

இந்தியாவின் பூப்படங்களை எவர் தயாரிக்கலாம், எவர் வைத்துக்கொள்ளலாம், எவர் வெளியிடலாம் என்னும் விஷயத்தில் நெடுங்காலம் இருந்துவந்த கட்டுப்பாடுகளில் பெரும்பாலானவற்றை மத்திய சர்க்கார் 2021-ஆம் வருஷம் பிப்ரவரி 15-ஆம் தேதி வெளியிட்ட விதிகளால் நீக்கிவிட்டனர். அதற்கு ஐந்து வருஷங்களுக்கு முன்னர்தான், 2016-இல், இதே விஷயமாக ஒரு நகல் மசோதா வெளிவந்தது. அனுமதியின்றிப் பூப்படத் தகவல்களைச் சேகரிப்போருக்கு 100 கோடி ரூபாய் வரையில் அபராதமும் 7 வருஷம் வரையில் சிறைவாசமும் விதிக்கலாம் என்பது அதன் ஏற்பாடு. நல்ல வேளையாக அது சட்டமாகவில்லை. 2022-ஆம் வருஷம் டிசம்பரில் வெளியான தேசியக் கொள்கையோ நேர் எதிரான திசையில் செல்கிறது. 2030-ஆம் வருஷத்துக்குள் பட்டணங்களையும் கிராமங்களையும் 5 முதல் 10 சென்டிமீட்டர் நுட்பத்திலும், காடுகளையும் தரிசுகளையும் 50 சென்டிமீட்டர் முதல் 1 மீட்டர் நுட்பத்திலும் அளந்து படமாக்குவதென்று அதில் உத்தேசிக்கப்பட்டிருக்கிறது. ஒரு வீட்டுத் திண்ணையின் விளிம்பும் தப்பாது என்றாகிறது. பூட்டுத் திறந்துவிட்டது, உள்ளே புகுந்து வேலை செய்யத் தகுந்தவர் நம்மில் எத்தனை பேர் என்பதே இப்பொழுது நம் முன் நிற்கும் கேள்வி.

இந்த வித்தை நமது தேசத்தில் போதிக்கப்படவில்லை என்று எவரும் சொல்ல முடியாது. டேராடூனில் 1966 முதல் இதற்கென்றே ஒரு ஸ்தாபனம் இருக்கிறது. அது தூரதேச மாணாக்கருக்கும் வீட்டிலிருந்தபடியே பாடம் கற்பித்து வருகிறது. கிண்டியில் 1982 முதல் தனியாக ஒரு பிரிவு நடைபெற்று வருகிறது. திருச்சிராப்பள்ளியிலும் அத்தகைய மையம் உண்டு. ஆயினும் பல கலாசாலைகளில், பூகோளத் தகவல் அமைப்பு என்ற பெயரால் நடைபெறும் பாடத்தை நாம் விசாரித்த வரையில், மாணாக்கன் கற்பது ஏதோ ஒரு பரதேசக் கம்பெனியின் மென்பொருளில் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பதைத்தான். முதற்பொத்தானை அமுக்கினால் நிறம் பூசப்படும். இரண்டாவதை அமுக்கினால் எல்லை வரையப்படும். மூன்றாவதை அமுக்கினால் அச்சுக்குப் போகும். கணக்கு எப்படி நடந்தது என்று பரீக்ஷையிலும் கேட்பதில்லை, வேலை கொடுப்போரும் கேட்பதில்லை. இடஞ்சார் ஆய்வின் மேல்நிலைப் பாடமும், அதற்கான நிரல்களைத் தானே எழுதும் பயிற்சியும் விருப்பப் பாடங்களாக ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கின்றன. மாணாக்கரும் கஷ்டமென்று கருதி அவற்றைத் தவிர்த்துவிடுகின்றனர்.

இதனால் வரும் கெடுதி என்னவென்பதை நாம் சொந்த அனுபவத்தில் கண்டோம். சில வருஷங்களுக்கு முன்பு செங்கற்பட்டுப் பக்கத்தில் ஓர் ஏரிக்கரையில் குடியிருந்த பதினொரு கூலிக் குடும்பங்களுக்கு, அவர்கள் ஏரிப் புறம்போக்கில் ஆக்கிரமித்திருப்பதாக நோட்டீஸ் வந்தது. வழக்கு நம்மிடம் வந்தது. எதிர்தரப்பார் தாக்கல் செய்த ஆதாரங்களில் முக்கியமானது ஒரு வர்ணப் படம். பழைய ஸர்வே படத்திலிருந்து எடுத்த ஏரியின் எல்லை நீல நிறத்தில். அதன் மேல் புதிய செயற்கைக்கோள் படத்திலிருந்து எடுத்த வீடுகள் சிவப்பில். பதினொன்றும் நீலத்துக்குள் இருந்தன. பார்த்த மாத்திரத்தில் எவரும் தீர்ப்பு எழுதிவிடலாம். இந்தப் படத்தை எவ்விதம் தயாரித்தீர்கள் என்று நாம் கேட்டதற்கு, ‘கம்ப்யூட்டர் கொடுத்தது’ என்பதற்கு மேல் விடை கிடைக்கவில்லை.

நம் காரியாலயத்தில் பிழை திருத்தும் வேலை பார்த்துக்கொண்டே படித்துவந்த ஒரு மாணாக்கன் அந்தப் படத்தை வீட்டுக்கு எடுத்துச் சென்றான். மறுநாள் அவன் சொன்ன விஷயம் எமக்கு அப்பொழுது புதிது. பூமி உருண்டை என்று பள்ளிக்கூடத்தில் படிக்கிறோம். அது சரியான உருண்டையன்று. ஆகவே, அளவையாளர் அதன் வடிவத்துக்கு ஒரு கணக்கை வைத்துக்கொண்டு, அதன் மேல்தான் அட்ச தீர்க்க ரேகைகளை விதிக்கின்றனர். நமது பழைய ஸர்வே படங்கள் 1830-ஆம் வருஷத்து எவரெஸ்ட் கணக்கைத் தழுவியவை. ஜி.பி.எஸ். கருவியும் செயற்கைக்கோள் படங்களும் தழுவுவது 1984-ஆம் வருஷத்து உலகப் பொதுக் கணக்கு. ஒன்றை மற்றொன்றுக்கு மாற்றாமல் ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால், சென்னைப் பக்கத்தில் எல்லை நூறு மீட்டருக்கு மேல் நகர்ந்து நிற்கும். படம் தயாரித்தவர் அந்த மாற்றத்தைச் செய்யவில்லை. பொத்தானை அமுக்கினார், யந்திரமும் ஆக்ஷேபம் சொல்லாமல் ஏரியை நகர்த்திவிட்டது.

மாற்றிக் கணக்கிட்டபொழுது ஒன்பது வீடுகள் ஏரிக்கு வெளியே வந்தன. இரண்டு உள்ளேயே நின்றன. அதையும் நாம் மறைக்கவில்லை. அவ்விரண்டு குடும்பங்களுக்கும் மாற்றிடம் கேட்டோம்.

வக்கீல்கள் இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். 1872-ஆம் வருஷத்துச் சாக்ஷியச் சட்டத்தின் 83-ஆவது பிரிவில், சர்க்கார் அதிகாரத்தின்படி தயாரிக்கப்பட்ட படங்கள் சரியானவை என்று நியாயஸ்தலம் அனுமானிக்க வேண்டுமென்றும், ஒரு வழக்குக்கென்றே தயாரிக்கப்பட்ட படங்கள் சரியானவை என்பது ருசுவாக வேண்டுமென்றும் சொல்லியிருந்தது. 2024 ஜூலை முதல் அமலிலிருக்கும் புதிய சாக்ஷியச் சட்டமும் இதே ஏற்பாட்டைக் கொண்டிருக்கிறது. பழைய ஸர்வே படம் சர்க்கார் படம். செயற்கைக்கோள் படமும் சர்க்கார் படம். ஆனால் இரண்டையும் ஒட்டவைத்துச் செய்த மூன்றாவது படம் வழக்குக்கென்று பிறந்தது. அதை ருசுப்படுத்தச் சொல்லிக் கேட்கும் உரிமை நமக்கு உண்டு. கேட்பதற்கு எதைக் கேட்பது என்று தெரிய வேண்டுமல்லவா? மின்னணுச் சாக்ஷியத்துக்குக் கொடுக்கப்படும் சர்டிபிகேட், யந்திரம் ஒழுங்காக வேலை செய்தது என்று சொல்லும். கணக்கு முறை ஒழுங்கா என்று சொல்லாது.

எவரெஸ்ட் கணக்கு என்றதும் ஒரு பழைய கதை நினைவுக்கு வருகிறது. சென்னையில் 1794-இல் ஏற்பட்ட ஸர்வே பள்ளிக்கூடமே பின்னர் கிண்டி இஞ்சினீரிங் கலாசாலையாக வளர்ந்தது. லாம்டன் என்ற ஆங்கில சேனாதிகாரி 1802-ஆம் வருஷம் ஏப்ரலில் பரங்கிமலையருகே சங்கிலியை நீட்டி அளந்த கோட்டிலிருந்துதான் இமயம் வரையில் சென்ற மகா ஸர்வே புறப்பட்டது. வரி வசூலிக்கவும் படை நடத்தவும் அந்தப் படங்கள் ஆங்கிலேயருக்குத் தேவையாயிருந்தன. சங்கிலி பிடித்தவரும், கோபுரத்தின் மேல் கருவியை ஏற்றியவரும், காட்டு ஜுரத்தில் மாண்டவரும் பெரும்பாலோர் நம்மவர். கணக்குப் போட்டவரிலும் நம்மவர் இருந்தனர். ராதாநாத் ஸிக்தார் என்ற வங்காளி 1831-இல், இருபது வயது நிரம்பாத பருவத்தில், அந்த இலாகாவில் சேர்ந்தார். அவருடைய உத்தியோகத்தின் பெயரே ‘கம்ப்யூட்டர்’. 15-ஆவது சிகரம் என்று மட்டும் குறிக்கப்பட்டிருந்த மலையே உலகில் யாவற்றினும் உயர்ந்தது என்பது 1852-இல் அவர் போட்ட கணக்கில் வெளிப்பட்டது. 1856-இல் அதன் உயரம் 29,002 அடி என்று அறிவித்தனர். 1865-இல் அதற்கு எவரெஸ்ட் துரையின் பெயரை இட்டனர்.

அதே ஸிக்தார் 1851-இல் வெளியான ஸர்வே கையேட்டின் கணிதப் பகுதிகளை எழுதிக் கொடுத்தவர். முதற்பதிப்பின் முன்னுரையில் அதற்கு நன்றியும் கூறப்பட்டிருந்தது. 1870-இல் அவர் காலமானார். 1875-இல் வந்த மூன்றாம் பதிப்பில் அந்த நன்றியுரையை எடுத்துவிட்டனர். ஆங்கிலப் பத்திரிகை ஒன்றே இதை இறந்தவரிடம் அடித்த கொள்ளை என்று கண்டித்தது. 1843-இல், ஸர்வே கூலியாட்களை ஒரு மாஜிஸ்திரேட் தம் சொந்த வேலைக்குப் பிடித்துச் சென்றதை எதிர்த்து நின்றதற்காக ஸிக்தார் 200 ரூபாய் அபராதம் கட்டினார் என்பதும் வாசகர்கள் அறியத்தக்கது. கணக்குத் தெரிந்தவனிடம் சற்று முதுகெலும்பும் இருந்தது.

இனி, இடஞ்சார் ஆய்வு என்றால் என்னவென்று சிறிது சொல்லவேண்டும். 2015-ஆம் வருஷம் டிசம்பர் 2-ஆம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை, செம்பரம்பாக்கத்தில் 47, நுங்கம்பாக்கத்தில் 29. இம்மூன்று இடங்களிலும் மழைமானி இருந்தது, எண் கிடைத்தது. மழைமானி இல்லாத சைதாப்பேட்டைத் தெருவில் எவ்வளவு பெய்தது? நேர்க்கோட்டில் பங்கிட்டுச் சொல்லலாம். கிட்டியிருக்கும் மானிக்கு அதிக மதிப்புக் கொடுத்துச் சொல்லலாம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கங்களில் கிரிக் என்ற பொறியாளர் 1951-இல் தொடங்கிவைத்து, பிரெஞ்சுக்காரரான மாத்ரோன் விரித்த முறைப்படியும் சொல்லலாம். முறைக்கு முறை விடை மாறும். கிரிக் முறையின் விசேஷம், விடையுடன் கூடவே அந்த விடையை எவ்வளவு தூரம் நம்பலாம் என்ற கணக்கையும் அது கொடுக்கிறது. மானிகள் நெருங்கியிருக்கும் இடத்தில் நம்பிக்கை அதிகம். விலகியிருக்கும் இடத்தில் குறைவு. பொத்தான் மட்டும் கற்றவர் முதல் படத்தை எடுத்துக்கொண்டு இரண்டாவதைத் தூக்கி எறிந்துவிடுகிறார். எந்த வீதிக்குப் படகு அனுப்புவது, எந்த மனையில் வீடு கட்ட உத்தரவு கொடுப்பது என்றெல்லாம் தீர்மானிப்பவருக்குப் பயன்படுவது அந்த இரண்டாவது படந்தான்.

அருகருகே உள்ளவை தூரத்திலுள்ளவற்றைக் காட்டிலும் ஒன்றையொன்று அதிகம் ஒத்திருக்கும் என்று டோப்ளர் என்ற பூகோள பண்டிதர் 1970-இல் எடுத்துரைத்தார். இது யாருக்குத்தான் தெரியாது என்று தோன்றும். ஆனால் சாதாரணப் புள்ளிவிவரக் கணக்கு, ஒவ்வொரு தகவலும் தனித்தனியே வந்து சாக்ஷி சொல்கிறது என்றே எண்ணிக்கொள்கிறது. அடுத்தடுத்த நூறு கிராமங்களில் காய்ச்சல் இருந்தால் நூறு சாக்ஷியங்கள் என்று அது எழுதிக்கொள்ளும். வக்கீல்களுக்கு எளிதில் விளங்கும்படி சொல்வதானால், ஒரே வீட்டுத் தாழ்வாரத்தில் வைத்துச் சொல்லிக் கொடுக்கப்பட்ட நூறு சாக்ஷிகள் அவர்கள். இந்த ஒற்றுமை எவ்வளவு என்று அளக்க மோரான் என்பவர் 1950-இல் ஓர் எண்ணைக் கொடுத்தார். அதைக் கணக்கிடாமல், இன்ன காரணத்தால் இன்ன ஜில்லாவில் வியாதி என்று முடிவு கட்டும் அறிக்கைகள் வெளிவரத்தான் செய்கின்றன.

எல்லை வகுக்கும் விஷயம் இன்னும் முக்கியமானது. ஒன்பது சம ஜனத்தொகையுள்ள கிராமங்கள் உள்ளனவென்று வைத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு கக்ஷிக்கும் நான்கில் மற்றொரு கக்ஷிக்கும் பலம். மூன்று மூன்று கிராமங்களாகச் சேர்த்து மூன்று தொகுதிகள் செய்கிறோம். சிறுபான்மைக் கக்ஷியின் நான்கு கிராமங்களை இரண்டிரண்டாக இரு தொகுதிகளில் போட்டால், அவ்விரண்டிலும் அதுவே ஜயிக்கும். பெரும்பான்மைக் கக்ஷிக்கு மிஞ்சுவது ஒரு தொகுதி. ஒரு வோட்டும் திருடப்படவில்லை. கோடு மட்டும் வரையப்பட்டது. வேண்டுமென்று செய்தாலும் இதுதான், அறியாமல் செய்தாலும் இதுதான். வியாதி, வறுமை, படிப்பு முதலிய எந்தக் கணக்கையும் தாலுகா வாரியாகச் சேர்த்தால் ஒரு விடையும் ஜில்லா வாரியாகச் சேர்த்தால் வேறு விடையும் வரக்கூடும் என்பதை அமெரிக்கர் இருவர் 1934-லேயே எடுத்துக்காட்டினர். நமது தேசத்தில் 2008-இல் அமலுக்கு வந்த தொகுதிச் சீரமைப்பு 2001-ஆம் வருஷத்து ஜனக்கணிதத்தைக் கொண்டு நடந்தது. அடுத்தது எப்பொழுது நடந்தாலும், கமிஷன் நகல் படத்தை வெளியிட்டு ஆக்ஷேபங்களைக் கேட்கும். அப்பொழுது எழுந்து நின்று, ‘இந்தக் கோட்டுக்குப் பதில் இதே விதிகளின்படி வரையக்கூடிய ஆயிரம் கோடுகளை வரைந்து பார்த்தோம், உங்களுடையதைப் போல் ஒருபக்கம் சாய்ந்தது அவற்றில் இத்தனைதான்’ என்று சொல்லத் தக்கவர் நமது அரசியல் கக்ஷிகளில் எத்தனை பேர்? அந்த ஆயிரம் கோடுகளைக் கையால் வரைய முடியாது. நிரல் எழுதித்தான் வரைய வேண்டும். மேடையில் முழங்குவோருக்கு நம்மிடம் பஞ்சமில்லை.

கெஜராத்தில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே சற்று விரிவாகவே சொல்ல விரும்புகிறோம். 2006-ஆம் வருஷத்து வன உரிமைச் சட்டத்தின்படி, 2005 டிசம்பர் 13-ஆம் தேதிக்கு முன்பிருந்து காட்டு நிலத்தைத் தம் வசத்தில் வைத்துப் பயிரிட்டு வந்த ஆதிவாசிகளுக்கு 4 ஹெக்டேர் வரையில் உரிமை உண்டு. கெஜராத்தில் மனுச் செய்தவர்களில் ஏராளமானவர்களின் மனுக்கள், செயற்கைக்கோள் படத்தில் சாகுபடி தெரியவில்லை என்ற காரணத்தால் தள்ளப்பட்டன. ஆகாயத்திலிருந்து எடுத்த படத்துக்கு முன் படிப்பில்லாத ஏழை என்ன பேசுவான்? ஆனால் படம் என்ன சொல்ல முடியும், என்ன சொல்ல முடியாது என்பதற்கும் கணக்கு உண்டு. நமது சுதேசச் செயற்கைக்கோள்களில் பலகாலம் பழக்கத்திலிருந்த லிஸ்-3 என்னும் காமிராவின் ஒரு பிக்ஸல் தரையில் 23.5 மீட்டர் சதுரம். அதாவது சுமார் பதின்மூன்றரை சென்ட். அரை ஏக்கர் நிலம் அதில் நான்கு பிக்ஸல் கூட இராது. அந்த நாலிலும் வரப்பு மரமும், பக்கத்துக் காடும், மேட்டு நிழலும் கலந்திருக்கும். படம் எடுத்தது அறுவடைக்குப் பின்பா முன்பா என்பதைப் பொறுத்து நிறமே மாறிவிடும். இப்படிப்பட்ட படத்தில் சாகுபடி தெரியவில்லை என்றால், அதற்குச் சாகுபடி இல்லை என்று அர்த்தமாகாது.

ஒரு தொண்டு ஸ்தாபனத்தார் அவ்விடத்துக் கிராமத்து இளைஞர்களுக்கு ஜி.பி.எஸ். கருவியைக் கையாளக் கற்றுக் கொடுத்தனர். அவர்கள் தங்கள் வயல்களின் வரப்பைச் சுற்றி நடந்து அளந்து, அந்த அளவைகளை நுட்பமான செயற்கைக்கோள் படங்களின் மேல் பொருத்திக் காட்டினர். எந்த வித்தை அவர்களை நிலமில்லாதவராக்கிற்றோ, அதே வித்தை அவர்கள் கைக்கு வந்தபொழுது சாக்ஷி மாறிற்று. 2012-இல் திருத்தப்பட்ட விதிகளில், செயற்கைக்கோள் படம் முதலியவை மனுதாரர் கொடுக்கும் ஆதாரங்களுக்குத் துணையாக மட்டுமே கொள்ளத்தக்கவை, அவற்றுக்குப் பதிலாகக் கொள்ளத்தக்கவையல்ல என்று சேர்க்கப்பட்டது. 2013-இல் கெஜராத் ஹைகோர்ட்டு, தள்ளப்பட்ட மனுக்களை மறுபடி பரிசீலிக்கும்படி உத்தரவிட்டது.

நிரல் எழுதக் கற்கவேண்டும் என்று ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம்? பொத்தானை அமுக்கியவன் என்ன செய்தான் என்பதற்குத் தடயம் இராது. அவனே மறுநாள் அதே விடையைக் கொண்டுவருவான் என்பதும் நிச்சயமில்லை. நிரலோ எழுத்தில் நிற்பது. ஏரியின் எல்லையைப் படி; பழைய அளவைக் கணக்கிலிருந்து புதியதற்கு மாற்று; வீடுகளைப் படி; எல்லைக்குள் விழுவனவற்றை எண்ணு. நம் மாணாக்கன் எழுதியது ஏறக்குறைய இவ்வளவுதான். முப்பது வரிகூட இல்லை. எதிர்க்கக்ஷி வக்கீலும் வரி வரியாய்ப் படித்து, இந்த இடத்தில் தப்பு என்று சுட்டிக்காட்டலாம். எதிர்தரப்பாரின் படத்தில் அந்த இரண்டாவது வரி இல்லை என்பதே வழக்கு. வரியாக எழுதியிருந்தால் இல்லாத வரி கண்ணுக்குத் தெரிந்திருக்கும்.

இதற்குப் பணம் அதிகம் வேண்டும் என்பாரும் உளர். அது இன்று சரியான வாதமன்று. கியூஜிஐஎஸ் என்ற மென்பொருள் 2002 முதல் எவருக்கும் இலவசமாகக் கிடைக்கிறது. அதன் உள்ளுறுப்புகளைத் திறந்து பார்க்கவும் திருத்தவும் தடையில்லை. அமெரிக்க சேனையின் ஆராய்ச்சிசாலையில் பிறந்த கிராஸ் என்பதும் அவ்வாறே. பைத்தான் பாஷையும் ஆர் பாஷையும் விலையற்றவை. நமது விண்வெளி ஸ்தாபனத்தின் ‘புவன்’ 2009 முதல் இருக்கிறது. அமெரிக்கர் 2008-இல் தங்கள் லாண்ட்ஸாட் படங்கள் யாவற்றையும் இலவசமாக்கினர். ஏழை மாணாக்கனுக்குக் குறைவு ஒரு சாமானியக் கம்ப்யூட்டரும் ஒரு நல்ல உபாத்தியாயருமே. இரண்டாவது கிடைப்பதுதான் அரிது.

செயற்கை அறிவு வந்துவிட்டது, நிரலை அதுவே எழுதிக் கொடுத்துவிடும், மனிதன் கற்பானேன் என்று கேட்போரும் உண்டு. எழுதிக் கொடுக்கட்டும், நாம் தடுக்கவில்லை. அது அளவைக் கணக்கை மாற்றும் வரியை விட்டுவிட்டால் கண்டுபிடிப்பவர் யார்? குமாஸ்தா எழுதிய பத்திரத்தைப் படிக்காமல் கையெழுத்திடும் எஜமானனை நாம் புத்திசாலி என்று சொல்வதில்லை.

2020 ஏப்ரல் 24-ஆம் தேதி தொடங்கப்பட்ட ஸ்வாமித்வா திட்டத்தின்படி கிராம நத்தங்களின் மேல் டிரோன்கள் பறந்து, வீட்டுக்கு வீடு எல்லை வரைந்து, சொத்துச் சீட்டுகள் கொடுக்கப்பட்டு வருகின்றன. அளவை எவ்வளவு நுட்பமோ அவ்வளவு நுட்பமான தகராறுகளும் வரும். அண்ணன் சுவருக்கும் தம்பி சுவருக்கும் நடுவிலுள்ள முழத்தையும் இனிப் படம் தீர்மானிக்கும். அந்தப் படத்தைப் பரீக்ஷிக்கத் தெரிந்த ஒருவராவது தாலுகாவுக்குத் தாலுகா இருக்கவேண்டாமா?

ஆகையால் நமது யோசனைகள் இவை. பூகோளத் தகவல் பாடம் நடத்தும் கலாசாலைகள் நிரல் எழுதுதலையும் இடஞ்சார் கணிதத்தையும் கட்டாயப் பாடமாக்குதல் வேண்டும். பரீக்ஷையில் படத்தை மட்டும் வாங்கிக்கொண்டு மார்க் போடாமல், படத்தைச் செய்த நிரலையும் வாங்கவேண்டும். சட்டக் கலாசாலைகள் இதில் ஒரு சிறு பாடமாவது வைக்கவேண்டும். சர்க்கார் இலாகாக்கள் நியாயஸ்தலத்தில் தாக்கல் செய்யும் ஒவ்வொரு கூட்டுப் படத்துடனும் மூலத் தகவலையும், தேதியையும், அளவைக் கணக்கையும், நிரலையும் இணைத்துக் கொடுக்கவேண்டும் என்று ஹைகோர்ட்டு விதி செய்யலாம். அதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. தமிழில் பாடநூல் எழுத வல்லவர்கள் முன்வரவேண்டும். சங்கிலி பிடிக்கும் ஸர்வேயர் முதல் கிராமக் கணக்குப் பார்ப்போர் வரையில் எல்லோரும் படிக்க வேண்டியதை ஆங்கிலத்தில் மட்டும் வைத்திருப்பது நியாயமன்று. அந்த மாணாக்கன் தன் முப்பது வரிகளுக்கும் தமிழில் விளக்கம் எழுதிக் கொடுத்திருக்கிறான். வேண்டுவோர் நம் காரியாலயத்துக்கு வந்து பிரதி எடுத்துக்கொள்ளலாம்.